காட்டுத் தீக்கு ஒரு கணக்கு

விறகடுப்பு எரிவதைக் கூர்ந்து கவனித்திருக்கிறீர்களா? சுடர் விறகை ஒட்டி நிற்பதில்லை. சற்று விலகியே ஆடும். ஏனெனில், சுடராக எரிவது விறகு அன்று. சூடேறிய விறகிலிருந்து வெளிவரும் வாயுக்களே!

மரம், புல், இலை ஆகியவற்றின் முக்கியப் பொருள் செல்லுலோஸ். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் நீண்ட மூலக்கூறுகள் சிதைந்து ஆவிகளாகின்றன. இவை காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கலந்து எரிகின்றன. லிக்னின் என்ற இன்னொரு பொருளோ அதிகக் கரியைத் தருகிறது. கரி சுடரின்றிக் கனலும். காட்டுத் தீயின் பாதையில் விமானங்கள் சிவப்புக் குழம்பைக் கொட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள அம்மோனியம் பாஸ்பேட், செல்லுலோஸ் சிதையும் வழியையே மாற்றிவிடுகிறது. கரியும் நீரும் மிகுகின்றன. எரியும் ஆவி குறைகிறது.

பச்சை விறகை ஊதி ஊதிக் கண் கலங்கிய கதையைப் பாட்டியிடம் கேளுங்கள். நீர் ஆவியாகி வெளியேறும்வரை விறகின் வெப்பநிலை எளிதில் ஏறாது. இதைக் கணக்கில் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர், அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் மிசௌலா தீ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ராதர்மெல். 1972-இல் அவர் வெளியிட்ட சமன்பாட்டின் சாரம் எளியது: சுடர் தன் முன்னாலுள்ள எரிபொருளுக்கு அனுப்பும் வெப்பத்தை, அது தீப்பற்றத் தேவையான வெப்பத்தால் வகுத்தால் தீயின் வேகம் கிடைக்கும்.

எண்களைப் பாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த தாவரப் பொருள் எரிந்தால் சுமார் 18,600 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அதில் 5 சதவீத ஈரம் இருந்தால், தீப்பற்ற வைக்கச் சுமார் 710 கிலோஜூலே போதும். தன் எடைக்குச் சமமான நீருள்ள பச்சை இலைக்கோ 3,175 வேண்டும். ஏறக்குறைய நாலரை மடங்கு!

இலையினுள் நடக்கும் ஒவ்வொரு வேதிவினையையும் இச்சமன்பாடு சொல்வதில்லை. ஒரு சில எண்களாகச் சுருக்கிவிடுகிறது. இது குறைதான். ஆயினும் களத்தில் விரைவாக விடை தருவதால் இன்றும் பயன்படுகிறது.

அதே மான்டானாவில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், 1949 ஆகஸ்டு 5-ஆம் நாள் தீயணைக்கச் சென்ற 16 பேரைத் தீ துரத்தியது. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பலத்த காற்று. 13 பேர் மாண்டனர். 1993-இல் ராதர்மெல் அந்தத் தீயின் வேகத்தைத் தம் முறைப்படி கணக்கிட்டு, அது வெல்ல முடியாத ஓட்டப் பந்தயம் என்று காட்டினார். குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் மட்டும் ஓடாமல், தமக்கு முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்த இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ வந்தது. ஆவியாக வெளிவர அங்கே எதுவும் மிச்சமில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.