தையல் ஊசியும் வழிநூலும்

தமிழில் 'நூல்' என்னுஞ் சொல் இரு பொருள் தரும். பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையும் நூல். புலவன் சொற்களால் இயற்றும் பனுவலும் நூல். இவ்விரண்டுக்குமுள்ள உறவை நன்னூலார் தமது பாயிரத்திலேயே காட்டியுள்ளார். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் மங்கையாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் அவர் உருவகஞ் செய்த திறம் கற்றோர் அறிந்ததே. அவரே நூலை முதல், வழி, சார்பு என மூன்றாகவும் வகுத்தார். முன்னோன் நூலோடு பொருளால் முழுதும் ஒத்து, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையுங் கூட்டி, மரபு அழியாமற் செய்வது வழிநூல் என்பது அவர் கொள்கை. வான்மீகியார் உரைத்த காதையைக் கம்பர் தமிழிற் பாடியதைக் களவு என்று கூறுவார் எவருமில்லை.

இழையாகிய நூலாற் செய்யப்படும் ஆடைக்கும் இவ்விலக்கணம் பொருந்துமா? பெயர்பெற்ற ஆடைக்கலைஞர் ஒருவர் ஆக்கிய பாவாடையைப் படத்திற் கண்டு, அதனை வாங்கும் வலியில்லாத ஒரு பெண், தன் வீட்டிலே குறைந்த செலவில் அதுபோலொன்று தைத்து உடுக்கிறாள். அவள் செயல் போலியா, களவா, அன்றி வழிநூலா? இது வெறும் உடைபற்றிய வினாவன்று. கல்வி பற்றிய வினாவுமாகும். இதற்கு விடை காணத்தக்க வரலாறொன்று மேனாட்டில் உண்டு.

1947ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆம் நாள், பாரிஸ் நகரிலே மொன்தேன் வீதியில் உள்ள 30ஆம் இலக்க மாளிகையில், கிறிஸ்தியான் டியோர் என்பவர் தமது முதலாவது ஆடைத் தொகுதியை அரங்கேற்றினார். இறுகிய இடை, அதன்கீழ் மலரின் இதழ்வட்டம்போல் விரிந்து கணுக்காலை நோக்கி இறங்கும் அகன்ற பாவாடை: இதுவே அவர் காட்டிய புதுமை. அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியையான கார்மெல் ஸ்னோ அதற்குப் 'புதிய தோற்றம்' எனப் பெயர் சூட்ட, அப்பெயரே உலகெங்கும் நிலைத்தது. டியோருக்கு முதல் ஈந்தவர் மார்செல் பூசாக் என்னும் பெருந்துணி ஆலையதிபர் என்பதையும் நாம் மறத்தலாகாது. பாவாடை அகலுந்தோறும் துணி விற்பனையும் பெருகுமன்றோ?

இரண்டாம் உலகப்போர் முடிந்து இரண்டாண்டு தானும் நிறையாத காலம் அது. பிரித்தானியாவில் 1941ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி தொடக்கம் ஆடைக்குப் பங்கீடு நடைபெற்று வந்தது. முதலாண்டிலே ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். கம்பளி உடையொன்றுக்கே அவற்றில் 11 போய்விடும். 1942இலே மடிப்புக்கும் பொத்தானுக்கும் சட்டைப்பைக்குங் கூட அரசாங்கம் வரம்பு கட்டியது. அப்பங்கீடு 1949 மார்ச் 15 வரை நீடித்தது. இந்நிலையில், ஒரு பாவாடைக்குப் பல யார் துணியை வாரியிறைக்கும் பாங்கைக் கண்டு பலர் சினந்ததில் வியப்பில்லை. அமைச்சர் ஸ்டாபோர்ட் கிரிப்ஸ் அதனை வெறுத்தார். பாராளுமன்றத்துப் பெண் உறுப்பினர் சிலருங் கண்டித்தனர். பாரிஸிலேயே, லெப்பிக் தெருவில் அவ்வுடையணிந்து புகைப்படத்துக்கு நின்ற மங்கையரை, அவ்விடத்து ஏழைப் பெண்கள் பற்றி இழுத்து உடையைக் கிழித்த நிகழ்ச்சியும் அவ்வாண்டு நடந்தது.

ஆயினும் அச்சினத்தின் அடியில் ஏக்கமொன்றும் இருந்தது. ஆறாண்டு காலம் குறுகிய பாவாடையும் தோளுயர்ந்த சட்டையும் அணிந்து, தொழிற்சாலையிலும் வயலிலும் உழைத்த பெண்கள், அழகிய உடையொன்றை விரும்பியது குற்றமாகுமா? கடையில் வாங்கப் பணமில்லை. பணமிருப்பின் கூப்பன் இல்லை. எனவே அவர்கள் ஊசியை எடுத்தனர். பழைய பாவாடையின் அடியில் வேறு நிறத்துணியை அகலப்பட்டியாக இணைத்து நீளங்கூட்டினர். இடுப்பருகே வேறு துணி கொடுத்துக் கீழிறக்கினர். விமானத் தாக்குதலின்போது விளக்கொளி வெளியே தெரியாதவாறு சாளரங்களை மறைத்த கருந்துணி, போர் முடிந்தபின் பாவாடையாயிற்று. சாளரத் திரையுஞ் சட்டையாயிற்று. டியோரின் முதல்நூலுக்கு இவை ஆயிரமாயிரம் வழிநூல்கள் எனலாம்.

இவ்வாறு வீட்டிலே தைப்பதற்கு வேண்டிய கருவிகள் முன்னரே ஆயத்தமாயிருந்தன. ஐசாக் சிங்கர் தமது தையல் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றது 1851இல். அதனைத் தவணைப் பணத்துக்குக் கொடுக்கும் முறையை அவர்தங் கூட்டாளியான எட்வர்ட் கிளார்க் 1856 அளவிலே தொடங்கியதனால், எளிய குடும்பங்களிலும் இயந்திரம் புகுந்தது. மசாசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரரான எபனேசர் பட்டரிக் என்பவர் 1863இல் வெட்டுமாதிரிகளைக் கடதாசியில் அளவு அளவாக அமைத்து விற்கத் தலைப்பட்டார். அதுவரை தையற்காரன் நெஞ்சிலும் கையிலும் மறைந்து கிடந்த வித்தை, அஞ்சலிலே வரும் ஒரு கடதாசி உறையுள் அடங்கிற்று. ஏட்டுச்சுவடி அச்சேறிய காலத்துக் கல்விக்கு என்ன நேர்ந்ததோ, அதுவே ஆடைக்கும் நேர்ந்தது.

விலையுயர்ந்த பாவாடையை எவ்வாறு மலிவாகச் செய்தல் கூடும்? அதன் விலை எங்கே இருக்கிறது என்று முதலில் ஆராய்தல் வேண்டும். டியோரின் பாவாடை தானாக விரிந்து நிற்கவில்லை. உள்ளே மெல்லிய வலைத்துணியும், இடுப்பிலே பஞ்சணையும், இடையை இறுக்கும் கச்சும் மறைந்திருந்தன. தேர்ந்த கைகள் பல நாள் உழைத்து அவற்றை அமைத்தன. இவ்வுறுப்புகளை வீட்டிலே ஒப்பச் செய்தல் அரிது. ஆனால் பாவாடையின் உயிர்நிலையாகிய அகன்ற விரிவுக்கு, அறிவு வேண்டுமேயன்றிப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அவ்வறிவு எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் படிக்கும் வட்டக் கணிதமே.

இதனை மெய்ப்பித்தவர் ஜூலி லின் ஷார்லட் என்னும் அமெரிக்கப் பாடகி. அதே 1947ஆம் ஆண்டின் இறுதியிலே, கிறிஸ்மஸ் விருந்தொன்றுக்குச் செல்ல அவருக்குப் புத்தாடை வேண்டியிருந்தது, கையிற் பணமில்லை, தைக்கவுந் தெரியாது. நெய்யாமல் அழுத்தித் திரட்டிய அகன்ற ஃபெல்ட் துணியிலே, நடுவில் இடுப்புக்குத் துளைவிட்டு ஒரு பெருவட்டம் வெட்டினார். ஃபெல்ட் இழை பிரியாதாகலின் விளிம்பு மடிக்கவேண்டியதில்லை. அகலம் மிக்கதாகலின் இணைப்புத் தையலும் வேண்டியதில்லை. அதன்மேற் கிறிஸ்மஸ் மர உருவங்களை ஒட்டி அணிந்து சென்றார். பின்னர் பெவர்லி ஹில்ஸ் கடையொன்று அத்தகைய பாவாடைகளை வாங்கி விற்றது. நாய் உருவங்கள் பொறித்தவை, முடிவிற் பூடில் நாய் பொறித்தவை, 1950களின் அமெரிக்க இளமங்கையர்க்கு அடையாளமாகவே அமைந்தன. அவற்றைக் கண்ட சிறுமியர் தத்தம் வீடுகளில் அவ்வாறே வெட்டி உடுத்தனர். வறுமையிற் பிறந்த வீட்டுத்தையல் கடைப்பண்டமாகி, மீண்டும் வீட்டுத்தையலாகத் திரும்பிய விந்தை இது. ஷார்லட் 2024ஆம் ஆண்டில், 101ஆம் வயதிற் காலமானார்.

அவ்வட்டப் பாவாடையைச் சாதாரண பருத்தித்துணியில் அமைக்கும் முறையை இங்கே சிறிது விரித்துரைப்பாம். இடுப்பளவு 28 அங்குலம், நீளம் 27 அங்குலம் எனக் கொள்க. வட்டத்தின் சுற்றளவு 28 ஆயின், அதனை 44ஆல் வகுத்து 7ஆற் பெருக்க, ஆரை ஏறக்குறைய 4½ அங்குலமாகும். அதனோடு 27ஐக் கூட்ட, பாவாடையின் வெளி விளிம்பு மையத்திலிருந்து 31½ அங்குலத்தில் அமையும். அவ்விளிம்பின் சுற்றளவு 198 அங்குலம். அஃதாவது ஐந்தரை யார். இடையிலே 28 அங்குலமாக ஒடுங்கியது அடியிலே ஐந்தரை யாராக விரிகின்றது. மடிப்போ சுருக்கமோ ஒன்றும் இல்லை. இதுவே வட்டத்தின் வண்மை.

36 அங்குல அகலமுள்ள துணியில் முழுவட்டம் அடங்காது; ஆதலின் இரண்டு அரைவட்டங்களாக வெட்டுக. மூன்றே முக்கால் யார் துணி போதும். துணியின் ஒரு கரையிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி மையத்தைக் குறித்து, ஒரு நூலின் நுனியை அங்கே பொருத்தி, மறுநுனியிற் சுண்ணக்கட்டியைக் கட்டிச் சுழற்றினால் வட்டக்கோடு தானே அமையும். மரத்தின் கோணலைத் தீர்க்குங் கருவியாகத் தச்சன் கை நூலை நன்னூலார் காட்டினார். இங்கே நூல் வளைவுக்குங் கருவியாகின்றது. இடுப்பிலே தையற்கோடு 4½ அங்குலத்தில் விழவேண்டுமாதலின், வெட்டுக்கோட்டை 4 அங்குலத்திலேயே இடுக. பலர் 4½ அங்குலத்திலே வெட்டி, தைத்தபின் இடுப்பு மூன்று அங்குலம் அகன்றுவிட்டதென வருந்துவர். வெளியிலே மடிப்புக்கு அரை அங்குலம் விடுக. அகலத்தில் எஞ்சும் மூன்றரை அங்குலக் கீற்றே இடுப்புப்பட்டிக்குப் போதும். பக்கத் தையலிரண்டில் ஒன்றின் மேற்பகுதியைத் திறப்பாக விட்டுக் கொக்கி பொருத்துக.

இனி, அவசரப்படுவோர் தவறவிடும் நுட்பமொன்று உண்டு. வட்டமாக வெட்டிய துணியிற் சில பகுதிகள் இழையின் நேர்ப்போக்கிலும், சில பகுதிகள் இழைக்குச் சாய்வாகவும் அமையும். சாய்ந்த பகுதி தன் பாரத்தினாலேயே நீளும். ஆதலின் இடுப்புப்பட்டி தைத்தபின், பாவாடையை ஒரு நாள் முழுவதும் தூக்கிவைத்து, அதன்பின் உடுத்து நின்று, நிலத்திலிருந்து அடிமட்டத்தால் அளந்து அடியைச் சமப்படுத்தியே விளிம்பு மடித்தல் வேண்டும். மடிப்பும் ஒடுக்கமாக இருத்தல் நன்று. அகலமாக மடிப்பின் வெளிச்சுற்று உட்சுற்றினும் நீண்டு சுருங்கும். ஆயத்த உடைக்கும் அன்போடு தைத்த உடைக்கும் வேறுபாடு இத்தகைய பொறுமையிலேயே தோன்றும்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். பிறர் வடிவத்தை எடுத்தாளுதல் தகுமா? பாரிஸ் கலைஞரிடையே இதுபற்றி ஒருமித்த கருத்து இருந்ததில்லை. இழைக்குச் சாய்வாக வெட்டுந் திறத்திற் புகழ்பெற்ற மதலேன் வியோனே, தம் உடைகளைப் பிறர் திருடாவண்ணம் அடையாளத் துண்டிலே தமது பெருவிரற் பதிவையே இட்டார். கபிரியேல் ஷனேலோ, பிறர் தம்மைப் பின்பற்றுவதைத் தமக்குப் பெருமையாகவே கொண்டார். அமெரிக்க உற்பத்தியாளர் பணங்கட்டியே பாரிஸ் அரங்கேற்றங்களைக் காணலாயினர். படியெடுக்கும் உரிமையோடு மாதிரிகளை விலைகொடுத்தும் வாங்கினர். 1949இலே 'வோக்' வெட்டுமாதிரி நிறுவனத்தார் பல்மேன், ஸ்கியாப்பரெல்லி முதலிய பாரிஸ் கலைஞரின் இசைவோடு அவர்தம் உடைகளின் மாதிரிகளையே வீட்டுப் பெண்களுக்கு விற்கத் தொடங்கினர். முதல்நூலாசிரியரே வழிநூலுக்கு இசைந்த காலம் எனலாம் அது.

இங்கே எல்லைக்கோடு தெளிவாகவே உள்ளது. பிறருடைய பெயர்த்துண்டைப் பொய்யாகத் தைத்து விற்பவன் கள்வன். நூலாசிரியன் பெயரை மாற்றித் தன் பெயரிட்டுக்கொள்பவனை ஒத்தவன். இளங்கலைஞர் ஒருவரின் புதுவடிவத்தை எடுத்துப் பல்லாயிரமாய் உற்பத்திசெய்து, அவருக்கு ஒரு காசும் ஈயாத பெருநிறுவனமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. தன் உடம்புக்கேற்ற அளவும், தன் கைக்கெட்டிய துணியும், தான் வேண்டும் வேறுபாடுங் கூட்டித் தானே உடுக்கத் தைப்பவள், நன்னூலார் கூறிய வழிநூலாசிரியையே ஆவாள். அவள் எடுத்தது வடிவம், கொடுத்தது உழைப்பு, பெற்றது கல்வி.

இக்காலத்தில் ஒரு மாறுதல் நேர்ந்துள்ளது. முன்னே வீட்டிலே தைத்தால் மலிவு. இன்றோ பல ஊர்களிலே ஆயத்த ஆடை, துணி விலையினுங் குறைவாகக் கிடைக்கின்றது. ஆகவே வீட்டுத்தையல் வீண்வேலை என்பாருளர். அவர்கள் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். ஐந்தரை யார் விளிம்பை மடித்துத் தைத்துப் பார்த்தவள், அத்தொழிலுக்கு எத்துணை நேரமும் எத்துணைக் கண்வலியும் வேண்டுமென அறிவாள். அத்தகைய பாவாடை ஒரு வேளை உணவின் விலைக்குக் கடையிலே தொங்கக் கண்டால், 'குறைந்த பணம் யாருடைய கூலியிலிருந்து குறைந்தது?' என்று அவள் உள்ளங் கேளாதிராது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், பங்களாதேசத்துச் சவாரில் ராணா பிளாசா என்னுங் கட்டடம் இடிந்து, ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் மேனாட்டுக் கடைகளுக்கு மலிவாடை தைத்த ஏழைத் தொழிலாளர். பெண்களே மிகப் பலர். மலிவு என்னுஞ் சொல்லின் மறைபொருளை அந்நாள் உலகுக்கு உரைத்தது.

ஆதலின் விலையுயர்ந்த பாவாடையை வீட்டிலே தைத்தலாற் பெறும் பெரும்பயன் பணச்சிக்கனம் அன்று. பொருளின் மதிப்பு இதுவென்றும், பிறர் உழைப்பின் அருமை இதுவென்றும் தெரிந்துகொள்ளும் கண்ணே அப்பயன். யாப்புக் கற்றவன் செய்யுளை நுகரும் வகை வேறு. கல்லாதான் கேட்கும் வகை வேறு. அதுபோலவே வட்டத்தின் ஆரையைக் கணித்து வெட்டியவள், டியோரின் பாவாடையை நோக்கும்போது, அதன் விலையை மட்டுமன்றி அதன் இலக்கணத்தையுங் காண்பாள். நம் பாடசாலைகளில் தையற்பாடமும் கணிதபாடமும் வேறு வேறு அறைகளில் நடப்பது வழக்கம். அவ்விரு வகுப்புகளையும் ஒருநாள் ஒரே மேசையைச் சூழ்ந்து கூட்டி, சுண்ணக்கட்டி கட்டிய ஒரு நூலை ஒரு மாணவியின் கையிற் கொடுத்துப் பார்த்தல் நன்று. இழையாகிய நூலுக்கும் ஏடாகிய நூலுக்கும் ஒரே பெயரிட்ட நம் முன்னோர் கருத்து அவளுக்கு அன்றே விளங்கும்.