முதலாளி கைச்சாத்தில் ஒரு கள்ளச் சீட்டு

மண்டி வியாபாரத்தில் பழகியவர்களுக்குச் சீட்டின் மதிப்பு தெரியும். பத்து மூட்டை கொடுத்தனுப்பவும் என்று முதலாளியின் கைச்சாத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தால் போதும், குடோனிலிருந்து சரக்கு வண்டி ஏறிவிடும். கைச்சாத்துக்காகக் குவிந்து கிடக்கும் சீட்டுகளுக்கு நடுவே வேற்றாள் ஒருவன் தன் சீட்டையும் செருகிவிட்டால், முதலாளியே தம் கையால் சாத்துப் போட்டு அனுப்பிவிடுவார். பூட்டு உடையவில்லை, சாவி களவு போகவில்லை. சரக்கு மட்டும் போய்விட்டது!

இணையத்தில் கடை திறந்திருக்கும் வணிக அன்பர்களுக்கும் இதே வகை ஆபத்து ஒன்று உண்டு. 'கிராஸ் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி' என்பது அதன் பெயர். வேறு தளத்திலிருந்து நம் பெயரில் வரும் கள்ளக் கோரிக்கை எனலாம். சுருக்கமாக சி.எஸ்.ஆர்.எஃப். என்பார்கள்.

செட்டிகுளத்து வியாபாரி ஒருவர், நம் பகுதிச் சின்ன வெங்காயத்தை வெளியூர்களுக்கு விற்க வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓர் இணையக் கடை வைத்திருப்பதாகக் கொள்வோம். காலையில் ஆர்டர் பார்க்கக் கடவுச்சொல் போட்டு உள்ளே போகிறார். ஒவ்வொரு முறையும் கேட்காமலிருக்க, அவருடைய பிரவுசரில் 'குக்கி' என்னும் அடையாளச் சீட்டு ஒன்று தங்கிவிடுகிறது. வேர்ட்பிரஸில் இது 2 நாள் செல்லும். 'நினைவில் வை' என்று குறியிட்டிருந்தால் 14 நாள். அன்று மதியம் வாட்ஸ்அப்பில் வெங்காய விலை நிலவரம் என்று ஒரு லிங்க் வருகிறது. தட்டுகிறார். திறந்த பக்கம் அவருக்குத் தெரியாமலே அவருடைய கடைத் தளத்துக்கு ஓர் உத்தரவை அனுப்புகிறது. பிரவுசரும் தன்னிடமுள்ள அடையாளச் சீட்டைக் கூடவே அனுப்பி வைக்கிறது. தளம் என்ன நினைக்கும்? முதலாளி சொல்கிறார் என்றுதான். 2020 முதல் குரோம் பிரவுசர் இதை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. எனினும் லிங்க் வழியே நேராகப் போகும்போது சீட்டு இன்னமும் கூடவே போகிறது.

இது கற்பனைப் பயமல்ல. வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக மாற்றித் தரும் மென்பொருள் வூகாமர்ஸ். அதனுடன் சேர்த்துக்கொள்ளும் உதிரி மென்பொருள்களுக்குப் பிளக்இன் என்று பெயர். 2021 நவம்பரில் வேர்ட்ஃபென்ஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம், ஸூட்டிக்ஸ் தயாரித்த மூன்று பிளக்இன்களில் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது. வாடிக்கையாளர் உள்நுழைவதற்கு ஒன்று, பக்கவாட்டில் கூடையைக் காட்டுவதற்கு ஒன்று, சரக்கு தீர்ந்தால் காத்திருப்போர் பட்டியலுக்கு ஒன்று. மூன்றும் கடைக்காரர் விரும்பிச் சேர்ப்பவை. 84,000 தளங்களுக்கு மேல் இவை இருந்தன. இந்த ஓட்டை வழியே, யார் வேண்டுமானாலும் தளத்தில் பதிவு செய்யலாம், பதிவு செய்பவர் எல்லாரும் நிர்வாகி ஆகலாம் என்று அமைப்பையே மாற்றிவிட முடியும். அப்புறம் திருடன் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு முன்வாசல் வழியாக வரலாம். வாடிக்கையாளர் முகவரிகளை அள்ளலாம், பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணையே மாற்றலாம். திருத்திய பதிப்புகள் அவ்வாண்டு நவம்பர், டிசம்பரில் வந்த பிறகே 2022 ஜனவரியில் விஷயம் வெளியிடப்பட்டது.

2020 ஏப்ரலில் நின்ஜா ஃபார்ம்ஸ் என்ற பிளக்இன்னிலும் இதே குறை தெரியவந்தது. அது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. டி.வி.டி. வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ் தளத்தில், வாடிக்கையாளரின் விநியோக முகவரியையே மாற்றக்கூடிய ஓட்டை 2006-ல் இருந்தது.

மாற்று வழியும் நம் மண்டி வழக்கம் போன்றதுதான். சீட்டுப் புத்தகத்தில் அடிக்கட்டை எண் இருக்கும். வந்த சீட்டின் எண் அடிக்கட்டையோடு ஒத்தால்தான் சரக்கு. வேர்ட்பிரஸில் 'நான்ஸ்' என்ற பெயரில் இந்த ஏற்பாடு தயாராகவே உள்ளது. தளம் தானே அச்சிட்டுக் கொடுக்கும் அந்த எண் அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும். வெளியார் பக்கத்துக்கு அது தெரியாது. பிளக்இன் எழுதியவர் அதைச் சரிபார்க்க மறந்தால்தான் வினை. குற்றம் அவருடையது, நஷ்டம் கடைக்காரருடையது!

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கப் பணம் கட்டுகிறோம். இணையக் கடைக்கோ, செய்து கொடுத்த பையனுக்கு ஒரு தடவை பணம் கொடுத்ததோடு சரி. வருடாந்திரப் பராமரிப்பு என்றால் முகம் சுளிக்கிறோம். திருத்திய பதிப்பு வந்தும் போடாமல் கிடக்கும் தளங்கள்தான் திருடனுக்கு எளிது. 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து பிளக்இன்கள் தாமே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். உபயோகமில்லாதவற்றை அழித்துவிடச் சொல்லுங்கள். கடைத் தளத்துக்கென்று தனியாக ஒரு பிரவுசர் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப் லிங்குகளை வேறொன்றில் திறப்பது செலவில்லாத காவல். வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' கொடுக்க ஒரு நொடிதான் ஆகும்.

இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தளத்தின் பொது அமைப்புப் பக்கத்தில், புதிதாகப் பதிவு செய்பவருக்கு என்ன பொறுப்பு என்ற இடத்தில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது; பயனர் பட்டியலில் முளைத்திருக்கும் அன்னியப் பெயரை நீக்கி, வங்கிக் கணக்கு எண்ணையும் யு.பி.ஐ. முகவரியையும் சரிபார்க்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.