இறையருளும் மனித விருப்பமும்: கிறித்தவ உலகின் நெடிய விவாதம்

இறை நாட்டம், மனித விருப்பம் ஆகியவை குறித்துக் கதரிய்யாக்களும் ஜபரிய்யாக்களும் நிகழ்த்திய வாதங்களை நாம் அறிவோம். அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்னரே கிறித்தவ உலகிலும் இதையொத்த வாதம் மூண்டது. அதன் முக்கியக் களங்கள் இன்றைய அல்ஜீரியாவிலும் துனீசியாவிலும் அமைந்திருந்தன.

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாகியுஸ் தவ ஒழுக்கத்தில் ஊன்றியவர். மனித பலவீனத்தைச் சாக்காகக் கொண்டு மக்கள் பாவத்தில் அமிழ்வதை அவர் கண்டித்தார். நிறைவேற்ற இயலாததைக் கட்டளையிட்டு, பிறகு அதற்காகத் தண்டிப்பது இறைநீதிக்குப் பொருந்தாது என்பதே அவரது வாதத்தின் அடித்தளம். நன்மையைத் தேரும் ஆற்றலை இறைவன் படைப்பிலேயே தந்துவிட்டான். வேதமும் இயேசுவின் முன்மாதிரியும் அதற்கு வழிகாட்டுகின்றன என்றார்.

ஹிப்போ நகரின் ஆயரான அகஸ்டீன் (354–430) இதை மறுத்தார். மனிதன் தேர்வு செய்கிறான் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், தான் நேசிப்பதையே அவன் தேர்கிறான்; ஆதிப் பாவத்தால் அந்த நேசமே நோயுற்றுவிட்டது; வழிகாட்டுதல் மட்டும் போதாது, உள்ளத்தைக் குணமாக்கும் அருள் வேண்டும் என்றார். 415இல் பாலஸ்தீனத்தில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸைக் குற்றமற்றவரென விடுவித்தனர். 418இல் கார்தேஜ் சங்கம் அவரது கொள்கையைக் கண்டித்தது.

வழக்கு அத்துடன் முடிந்திருந்தால் அது ஒரு வரலாற்றுக் குறிப்பாகவே எஞ்சியிருக்கும். சில ஆண்டுகளுக்குப் பின், துனீசியாவின் இன்றைய சூசா நகரமான ஹத்ருமேத்தமில் இருந்த மடத்துத் துறவியர் ஒரு கேள்வியை எழுப்பினர். நன்மை யாவும் அருளால் விளைவதாயின், தவறு செய்தவரைத் தலைவர் கண்டிப்பது ஏன்? அருள் கிட்டாதவர்மீது என்ன குற்றம்? அவருக்காகப் பிரார்த்தித்தால் போதாதா?

அகஸ்டீன் இதற்கெனவே நூல்கள் எழுதினார். கண்டிப்பும் அருள் செயல்படும் வழிகளுள் ஒன்றே. யாருக்கு அருள் கிட்டும் என்பதை அறியாத நாம் எவரையும் கைவிடலாகாது என்பது அவர் விடையின் சாரம். இவ்விடை கண்டிப்பவரின் கடமையைத் தெளிவாக்குகிறது. எனினும், ஒருவருக்குக் கிட்டும் அருள் மற்றவருக்கு ஏன் கிட்டவில்லை என்ற வினாவை, மனிதர் ஆராய்ந்தறிய இயலாத இறைத்தீர்ப்பு என்றே அவர் விட்டுவிட்டார்.

529இல் ஓராஞ்சு சங்கம், நம்பிக்கையின் தொடக்கமே அருள்தான் என அறிவித்தது. எவரையும் தீமைக்கென இறைவன் விதித்தான் என்பதையோ வன்மையாக மறுத்தது. 1524இல் எராஸ்முஸ் மனித விருப்பத்தின் சார்பில் எழுத, மறு ஆண்டே லூதர் மறுப்பு நூல் வெளியிட்டார். டொமினிக்கன் சபையினரும் இயேசு சபையினரும் இதே பொருளில் மோதியபோது, ரோமில் பத்தாண்டுகள் நீண்ட விசாரணைக்குப் பின், 1607இல் போப் ஐந்தாம் பவுல் இருதரப்புக்கும் தீர்ப்பு வழங்காமலே அதை முடித்தார். ஒருவர் மற்றவரைக் கண்டனம் செய்வதையும் தடுத்தார்.

ஒரு தரப்பார் இறைவனின் நீதியையும், மற்றவர் அவனது கொடையையும் காக்க முனைந்தனர் என்பதை நாம் காண்கிறோம். நீதியை மட்டும் பற்றியவர்க்குப் பிரார்த்தனையின் தேவையை விளக்குவது கடினமாயிற்று. கொடையை மட்டும் பற்றியவர்க்குக் கண்டிப்பின் நியாயத்தை விளக்குவது கடினமாயிற்று. துறவியரின் அந்தக் கேள்வி இன்றளவும் உயிர்ப்புடன் இருப்பதற்குக் காரணம் இதுவே.