கன்று கொடுத்தால் போதுமா?

தை பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு காதில் விழும். "மாட்டுப் பொங்கலன்னிக்குக் கன்னு ஈனிருச்சு. இனிமே அது தம்பிரானுக்குத்தான்!" வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேச மாட்டார். அன்று பிறந்த கன்றைக் கம்பம் நந்தகோபாலசாமி கோயில் மாட்டுத் தொழுவுக்கு நேர்ந்து கொடுத்துவிடுவது அந்தச் சீமை வழக்கம்.

தேனிப் பக்கம் அறியாத சகோதரிகளுக்கு இந்தத் தொழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தம்பிரான் மாட்டுத் தொழு என்று பெயர். கன்னட நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய காப்பிலியர் சமூகத்தார் இதைப் பேணி வருகிறார்கள். மந்தையின் தலைவனுக்குப் பட்டத்துக் காளை என்று பெயர். அதுவேதான் சாமி! 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலேயே இந்த மந்தை இடம்பெற்றிருக்கிறது. பழைய காளை இறந்துபோனால் மந்தையின் முன்னே கரும்புக் கட்டை வைப்பார்களாம். எந்தக் காளை வந்து அதில் வாய் வைக்கிறதோ, அதற்குப் பட்டம். சிபாரிசுக்கே இடமில்லை, பாருங்கள்!

'விலங்குகள் காப்பகம்' என்று இன்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே நம் ஊரில் இருந்த காப்பகம் இது. மலைமாட்டுக் கன்றோ வீட்டு மாட்டுக் கன்றோ, விற்று அடிமாடாகப் போகாமல் வயதாகிச் சாகும்வரை இருக்க ஓர் இடம். நேர்ந்து விடுகிறவர்களுக்கு மனசு நிறைந்துவிடுகிறது. ஆனால் கன்றுக்கு வயிறு நிறைய வேண்டுமே! இல்லத்தரசிகளான நமக்கு இந்தக் கணக்கு புரியாமல் இருக்குமா?

வளர்ந்த நாட்டு மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ பசுந்தீவனமும், நாலைந்து கிலோ வைக்கோலும் வேண்டும். தண்ணீர் 40 லிட்டராவது குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூட. நூறு மாடு இருந்தால் வைக்கோல் மட்டுமே தினம் அரை டன். முன்பெல்லாம் இந்தக் கவலை இவ்வளவு இல்லை. ஓட்டிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் மேய விட்டால் போதும். இப்போது அப்படி இல்லை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனப் பகுதிகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அந்த மாதத்திலேயே அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. காட்டுக்கும் அதில் வாழும் புலிக்கும் பாதுகாப்பு வேண்டியதுதான். அதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் கிடை போட்டு மாடு வளர்க்கிறவர்கள் திகைத்துப்போனதும் நிஜம். மேய்ச்சல் குறைந்தால் தீவனத்துக்குச் சொந்த நிலம் வேண்டும். நிலத்துக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? ஊரைத்தான் கேட்க வேண்டும்!

ஊரைக் கேட்டு வளர்ந்த காப்பகங்கள் உலகத்தில் உண்டு. இங்கிலாந்தில் டெவன் என்ற இடத்தில் எலிசபெத் ஸ்வென்ட்சன் என்றொரு பெண்மணி. நாலு குழந்தைகளுக்குத் தாய். கணவரோடு ஓட்டல் நடத்தியவர். 1969-ல் ஒரு கழுதையை வாங்கி வளர்த்தார். 1974-ல் இன்னொரு பெண்மணி தம் உயிலில் 204 கழுதைகளை இவருக்கே எழுதி வைத்துவிட்டார்! நாமாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்போம். அவரோ பொதுமக்களின் நன்கொடையை நம்பி இறங்கினார். ஸ்லேட் ஹவுஸ் என்ற பண்ணை அந்தக் கழுதைகளுக்கு நிரந்தர வீடாயிற்று.

இங்கே யாராவது "கோசாலைக்கு இடம் வாங்கப் போறோம், ஒரு சதுர அடிக்கு நீங்க கொடுங்கம்மா" என்று வாசலில் வந்து நின்றால், உடனே பர்ஸைத் திறக்க வேண்டாம். முதலில் கிணறோ போர்வெல்லோ உண்டா, கோடையில் நீர் நிற்குமா என்று கேளுங்கள். பத்திரம் யார் பெயரில்? தனி ஆள் பெயரிலா, பதிவான அறக்கட்டளை பெயரிலா? ரசீது தருவார்களா? இத்தனையும் கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் கொடுக்காமலிருப்பதே நல்லது. அப்புறம் தீவனக் கணக்கு. கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் பாசனத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் வரும் என்று வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்கிறார்கள். நம் கைப்பாட்டில் அதில் பாதி என்றே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 70 டன். ஒன்பது பத்து மாட்டுக்கு வரும். நூறு மாட்டுக்குப் பத்துப் பதினோரு ஏக்கர், அதுவும் தண்ணீரோடு! நிலம் ஒருமுறை வாங்குவது. தீவனம் தினம் வாங்குவது. ஆகவே நன்கொடையையும் இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது என் யோசனை: கொஞ்சம் நிலத்துக்கு, கொஞ்சம் மாதா மாதம் வைக்கோலுக்கு. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இரு போகம் நெல் விளைகிறது. வைக்கோலுக்கு வேறெங்கே போக வேண்டும்? வயல் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் அறுவடைக்கு அறுவடை நாலு கட்டு தொழுவுக்கென்று ஒதுக்கிவிட்டால், அதுவும் பெரிய காணிக்கைதான்.

இன்னொன்று, கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாட்டுப் பொங்கலன்று தொழுவுக்குப் போகிறவர்கள் சர்க்கரைப் பொங்கலையும் வெறுஞ்சோற்றையும் அள்ளி அள்ளி ஊட்டாதீர்கள். ஆளுக்கு ஒரு கைதான் என்றாலும், ஆயிரம் பேர் வரும் இடத்தில் அது எவ்வளவு ஆகும்? அவ்வளவு மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் மாட்டின் பெருவயிறு புளித்து, அமிலம் ஏறி, அசை போடுவது நின்றுபோகும். சில சமயம் உயிருக்கே ஆபத்து. கரும்புத் தோகை, அகத்திக்கீரை, ஒரு வாழைப்பழம் கொடுங்கள்; பழத்தைப் பிளாஸ்டிக் பையோடு வைத்துவிட்டு வராதீர்கள். உங்கள் வீட்டு மாடே பொங்கலன்று அசை போடாமல், இடது வயிறு உப்பி நின்றால், கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நடமாடும் கால்நடை ஆம்புலன்ஸுக்கான எண் அது. அடுப்பங்கரைச் சுவரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.