ஒரு குத்தினால் முடியாத போர்

குத்துச்சண்டைக் கோதாவிலே வலிமை ஒன்றே வெற்றியைத் தருமாயின், அமெரிக்க வீரர் ஏர்னி ஷேவர்ஸ் உலகச் சம்பியன் பட்டத்தைப் பலமுறை சூடியிருப்பார். அதிபார வகுப்பிலே அவர் ஈட்டிய வெற்றிகள் 70க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பத்துக்கு ஒன்பது, எதிரியைத் தொடர்ந்து போரிட இயலாதவாறு செய்து பெற்றவை. ஆயினும், உலகப் பட்டம் ஒருநாளேனும் அவர் கைக்கு எட்டவில்லை. காரணம் யாது?

1944ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்திலே பிறந்து ஒஹையோவிலே வளர்ந்தவர் ஷேவர்ஸ். சம்பியன்களாக விளங்கியோர் பலர் பாலப் பருவத்திலேயே கையுறை அணிந்தவர்கள். இவரோ 22ஆம் வயதிலேதான் இக்கலையைத் தொடங்கினார். 1969இல் தொழில்முறை வீரரானார். பயிற்சிக் குறைவை வலக்கரத்தின் வலிமை மறைத்துவிட்டது. எதிரிகள் முதலிரு சுற்றுக்களிலேயே சாய்ந்தனர். ஆகவே, நீண்ட போரிலே மூச்சை அளந்து செலவிடும் வித்தையைக் கற்க அவருக்கு அவசியம் நேரவில்லை.

அதன் விளைவு 1973இல் தெரிந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் முன்னாள் சம்பியன் ஜிம்மி எல்லிஸை முதற் சுற்றிலேயே வீழ்த்தியவர், டிசம்பரிலே ஜெரி குவாரியிடம் அதே முதற் சுற்றிலே தோற்றார். 1975இல் ரொன் லைலை இரண்டாஞ் சுற்றிலே தரையிற் சாய்த்தும், ஆறாஞ் சுற்றிலே தாமே வீழ்ந்தார்.

எனினும் ஷேவர்ஸ் தளரவில்லை. 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி, நியூயோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனிலே உலகச் சம்பியன் முகமது அலியை எதிர்த்து நின்றார். இரண்டாஞ் சுற்றிலே அவருடைய வலக்கரம் அலியின் தாடையைத் தாக்கியது. அலியின் கால்கள் தள்ளாடின. ஆனால் அலியோ கண்ணை விழித்து, வாயைப் பிளந்து, வேண்டுமென்றே தள்ளாடுபவர் போல நடித்தார். உண்மைத் தள்ளாட்டத்தைப் பொய்யென எண்ணி, இது தம்மை வலையில் வீழ்த்தும் தந்திரமென ஐயுற்றுத் தயங்கினார் ஷேவர்ஸ். அந்தச் சில கணங்களிலே பட்டம் கைநழுவிற்று.

நெடுநேரம் தாக்குப்பிடிக்கமாட்டார் என்று கருதியோரை நாணச் செய்து, அன்று 15 சுற்றுக்களும் அவர் நின்றார். நடுவர்களின் புள்ளிகள் சுற்றுக்குச் சுற்று தொலைக்காட்சியிலே அறிவிக்கப்பட்டன. அலியின் பகுதியினர் அவற்றைக் கவனித்து வந்தமையால் தாம் முன்னணியில் நிற்பதை அறிந்தே போரிட்டனர். இறுதிச் சுற்றிலே களைத்திருந்த அலி எஞ்சிய பலத்தையெல்லாம் திரட்டித் தாக்கினார். நடுவர் மூவரின் தீர்ப்பும் அலிக்கே சென்றது. ஆனால் அந்த வெற்றிக்கு அலி கொடுத்த விலை பெரிது. அப்போரின் பின்னர், அலியின் உடல்நலத்துக்கு அஞ்சிய வைத்தியர் பெர்டி பச்சேக்கோ அவரை விட்டு விலகினார்.

1979 மார்ச்சிலே, ஒருகால் அலியையே வென்ற கென் நோர்ட்டனை முதற் சுற்றிலேயே சாய்த்தார் ஷேவர்ஸ். அவ்வாண்டு செப்டெம்பரிலே, லாஸ் வேகாஸ் நகரில், லரி ஹோம்ஸிடமிருந்து பட்டத்தைப் பறிக்க இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. ஏழாஞ் சுற்றிலே ஒரே குத்து. ஹோம்ஸ் மரம்போலச் சாய்ந்தார். அரங்கிலிருந்தோர் போர் முடிந்ததென்றே எண்ணினர். ஆனால் பத்து எண்ணி முடியுமுன் ஹோம்ஸ் எழுந்தார். கால்களால் விலகியும் கைகளால் தடுத்தும் அச்சுற்றைக் கடந்தார். பதினோராஞ் சுற்றிலே, களைத்துப்போன ஷேவர்ஸ் மேலும் அடிபடாதவாறு மத்தியஸ்தர் போரை நிறுத்தினார்.

பிற்காலத்திலே மைக் டைசனையும் எதிர்த்துப் போரிட்ட ஹோம்ஸ், தம்மை மிகப் பலமாகக் குத்தியவர் ஷேவர்ஸே என்று கூறினார். தோற்றவருக்கு வென்றவர் அளித்த இச்சான்று சிறிதன்று. கோதாவை விட்டு நீங்கிய பின் கிறிஸ்தவப் போதகராக வாழ்ந்த ஷேவர்ஸ், 78ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், 2022 செப்டெம்பர் 1ஆம் திகதி காலமானார்.

அலியையும் ஹோம்ஸையும் காத்தது, அடிபட்ட பின்பும் கலங்காத அறிவும், பல்லாண்டுப் பழக்கமுமே. பிறவியிலே வந்த ஆற்றல் வாயிலைத் திறக்கும். உள்ளே நெடுந்தூரம் நடப்பதற்குக் கால்களைத் தாமே பழக்கிக்கொள்ள வேண்டும். இயல்பான திறமையை நம்பிப் பாடத்தைப் பின்போடும் நம் மாணவர், ஷேவர்ஸ் தயங்கி நின்ற அந்த இரண்டாஞ் சுற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.