ஈரக்காற்றும் கண்ணாடிப் பாய்வுமானியும்

புனே நகருக்கு வடமேற்கே, பிம்ப்ரி-சிஞ்ச்வாட் தொழிற்பகுதியில் அமைந்துள்ளது ஆகுர்டி. 1954-ஆம் ஆண்டில், உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் உதவியுடன், ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் அண்டையிலுள்ள பிம்ப்ரியில் தொடங்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபின் இவ்வட்டாரம் விரைந்து வளர்ந்தது. நாடறிந்த பஜாஜ் ஸ்கூட்டர்கள் உருவானதும் ஆகுர்டியில்தான். பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பல தோன்றின.

இத்தகைய தொழிற்கூடங்களில் மின்சாரத்திற்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது அழுத்தக் காற்று. வண்ணம் தெளிப்பதற்கும், கருவிகளை இயக்குவதற்கும் அது வேண்டும். பெனிசிலின் தரும் பூஞ்சைக்கும் நொதிகலத்தில் அளவறிந்து காற்று ஊட்டப்பட வேண்டும். இல்லையேல் அது வளராது. எவ்வளவு காற்று செல்கிறது என்பதைக் கண்ணால் கண்டறிய உதவும் எளிய கருவியே கண்ணாடிப் பாய்வுமானி. தொழிற்கூடங்களில் இதனை ரோட்டாமீட்டர் என்பர். விலை குறைந்தது, மின்சாரம் வேண்டாதது. ஆனால் மழைக்காலத்தில் இது காட்டும் அளவை எந்த அளவுக்கு நம்பலாம்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி இயங்கும் முறை

ஜெர்மனியின் ஆகென் நகரில் 1908-ஆம் ஆண்டில் கார்ல் கூப்பர்ஸ் என்பவர் இக்கருவியின் சுழலும் மிதவையை வடிவமைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1910-இல், மயக்க மருந்து வாயுக்களை அளக்க மாக்ஸிமிலியன் நாய் என்ற மருத்துவர் இதனைப் பயன்படுத்தினார்.

அமைப்பு எளியது. செங்குத்தாக நிறுத்தப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று. அது கீழே குறுகியும் மேலே சற்று அகன்றும் இருக்கும். அதனுள் ஒரு மிதவை. கீழிருந்து மேலே பாயும் காற்று மிதவையைத் தூக்குகிறது. மிதவை உயர உயர, அதற்கும் குழாய்ச் சுவருக்கும் இடையேயுள்ள இடைவெளி பெரிதாகிறது. காற்றின் தூக்கு விசையும் மிதவையின் எடையும் சமமாகும் இடத்தில் மிதவை நிற்கிறது. அந்த உயரமே பாய்வின் அளவு.

ஆகவே மூன்று செய்திகள் மாறாதிருந்தால்தான் கருவி உண்மை பேசும்: மிதவையின் எடை, இடைவெளியின் பரப்பு, காற்றின் தன்மை. ஈரப்பதம் இம்மூன்றையும் தொடுகிறது. ஆனால் ஒரே அளவில் அன்று.

ஆவியாக உள்ள நீர்

நீராவி காற்றைவிட இலேசானது. ஆதலால் ஈரக்காற்றின் அடர்த்தி உலர்காற்றின் அடர்த்தியைவிடச் சற்றே குறைவு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியால் முற்றிலும் தெவிட்டிய காற்றுக்கும் உலர்காற்றுக்கும் அடர்த்தியில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.7 சதவிகிதமே. பாய்வளவு அடர்த்தியின் வர்க்க மூலத்தைப் பொறுத்து மாறுவதால், கருவியில் ஏற்படும் பிழை ஒரு சதவிகிதத்தையும் எட்டாது. சாதாரணக் கண்ணாடிப் பாய்வுமானியின் துல்லியமே முழு அளவீட்டில் 2 சதவிகிதம் அளவில் இருக்கும்போது, இப்பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

புனே வட்டாரத்தில் இதைவிடப் பெரிய பிழையொன்று உண்டு. அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அழுத்தம் கடற்கரையைவிட 6 சதவிகிதத்திற்கு மேல் குறைவு. கடல்மட்ட அழுத்தத்திற்கு அளவு குறிக்கப்பட்ட கருவியின் வழியே அங்குள்ள திறந்த வெளிக்காற்று பாய்ந்தால், உண்மையான கொள்ளளவு கருவி காட்டுவதைவிட ஏறத்தாழ 3 சதவிகிதம் மிகுதியாக இருக்கும். இவ்விரு பிழைகளும் கணக்கிட்டுத் திருத்தத்தக்கவை.

துளியாகப் படியும் நீர்

திருத்த முடியாத பிழை, ஆவி குளிர்ந்து துளியாக மாறும்போது தோன்றுகிறது. புனேயில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காலை நேர ஒப்பு ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டுவது வழக்கம். 25 டிகிரி வெப்பமும் 80 சதவிகித ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 18 கிராம் நீர் ஆவியாக இருக்கும். கம்ப்ரசர் அதனை வளிமண்டலத்திற்கு மேல் 7 பார் அழுத்தத்திற்கு அழுத்தும்போது அதன் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மீண்டும் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், அச்சிறு இடத்தில் 3 கிராமுக்கும் குறைவான நீரே ஆவியாக நிற்க முடியும். எஞ்சிய 15 கிராம் நீராகப் பிரிகிறது. நிமிடத்திற்கு 5 கன மீட்டர் காற்றை உறிஞ்சும் கம்ப்ரசர் ஒன்று மணிக்கு ஏறத்தாழ நான்கரை லிட்டர் நீரைக் குழாய்களுக்குள் சேர்க்கும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இந்நீரில் ஒரு துளி மிதவையில் ஒட்டினால் என்னாகும்? 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குண்டு ஏறத்தாழ 35 மில்லிகிராம் எடையுள்ளது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளியின் எடை 4 மில்லிகிராம். மிதவையின் எடை 12 சதவிகிதம் கூடிவிடுகிறது. அதனைப் பழைய உயரத்தில் நிறுத்தப் பாய்வின் இயல்புக்கேற்ப 6 முதல் 12 சதவிகிதம் வரை கூடுதல் காற்று தேவைப்படும். அதாவது கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதே நீர் குழாய்ச் சுவரில் படலமாகப் படிந்தால் இடைவெளி குறுகும், மிதவை உயரும், கருவி மிகுத்துக் காட்டும். துளி மிதவையையும் சுவரையும் ஒருங்கே பற்றிக்கொண்டால், பாய்வு மாறினாலும் மிதவை அசையாது நிற்கும். பிழை எத்திசையில் என்பதே தெரியாதபோது எந்தத் திருத்த வாய்பாடும் பயன்படாது. எனவே நீரைக் கருவிக்கு முன்பே தடுப்பதொன்றே வழி.

தடுக்கும் முறைகள்

கம்ப்ரசரை அடுத்துக் குளிர்விப்பானும் நீர்ப்பிரிப்பானும் அமைய வேண்டும். காற்றுத் தொட்டியின் அடியிலுள்ள வடிகால் வால்வை மழைக்காலத்தில் நாள்தோறும் பலமுறை திறத்தல் வேண்டும். முதன்மைக் குழாய் சற்றுச் சரிவாகச் செல்வதும், கிளைக் குழாய்கள் அதன் மேற்புறத்திலிருந்து பிரிவதும் நலம்; அடிப்புறத்திலிருந்து பிரிந்தால் நீரும் உடன் வரும்.

அடுத்தது வரிசை முறை. பிரிப்பான், வடிகட்டி, அழுத்தக் குறைப்பான், அதன்பின் பாய்வுமானி என்று அமைத்தால் இயற்கையே துணை செய்கிறது. 7 பார் அழுத்தத்தில் தெவிட்டியிருந்த காற்று, வெப்பம் மாறாமல் வளிமண்டல அழுத்தத்திற்கு இறங்கும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் 12 சதவிகிதமாகக் குறைகிறது. ஆனால் கருவியில் குறிக்கப்பட்ட அளவு எந்த அழுத்தத்திற்கு உரியது என்பதைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இன்னும் உலர்ந்த காற்று தேவையெனில் குளிர்முறை உலர்த்தியோ, சிலிக்கா ஜெல் போன்ற உறிஞ்சு பொருளோ பயன்படுத்தலாம். நீல நிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் அது ஈரம் நிரம்பியதற்கு அடையாளம். மிக உலர்ந்த காற்றில் நிலைமின்சாரத்தால் மிதவை சுவரில் ஒட்டுவதும் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

குளிர்ந்த நீர் பாயும் பாய்வுமானிகளில் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்ப்பதைக் காணலாம். 25 டிகிரி வெப்பமும் 80 சதவிகித ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 21 டிகிரி. குழாயின் வெப்பம் அதற்குக் கீழே இறங்கினால் பனி படியும். இதனால் அளவு மாறாது. துடைத்துவிட்டுப் படிக்கலாம். இரும்புச் சட்டம் துருப்பிடிக்காமல் காப்பதே இங்குத் தேவை.

குழாயின் உட்புறத்தை மென்மையான தூரிகையாலும் இலேசான சோப்பு நீராலும் தூய்மை செய்து, நன்கு உலர்த்திய பின்னரே பொருத்த வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றலாகாது. நீராவிக் குழாய்களில் கண்ணாடிப் பாய்வுமானியைப் பொருத்துவது ஆபத்தானது.

மருத்துவமனைகளில்

2021-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் ஆக்சிஜன் பாய்வுமானியின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது. உருளையிலிருந்து வரும் ஆக்சிஜன் மிக உலர்ந்தது. பாய்வுமானிக்குப் பின்னரே அது நீர்க்குடுவை வழியாகச் சென்று ஈரமாகிறது. குடுவையில் குறியீட்டுக்கு மேல் நீர் ஊற்றினாலோ, குடுவை சாய்ந்தாலோ நீர் பின்னேறிக் குழாயை அடையக்கூடும். அப்போது மிதவை காட்டும் எண்ணை நம்பி நோயாளிக்கு வாயு அளிப்பது தவறாகும். மேலும், ஆக்சிஜன் பாயும் கருவியில் எண்ணெயோ கிரீசோ படவே கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு.

அவ்வாண்டில் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் மருத்துவமனைகளில் நிறுவப்பட்டன. வெளிக்காற்றை அழுத்தி, அதிலுள்ள நைட்ரஜனை சியோலைட் என்னும் பொருளால் பிரிக்கும் இந்நிலையங்களுக்கும் ஈரமே பகை. நீர் புகுந்தால் சியோலைட்டின் திறன் குன்றும். ஆகுர்டியின் வண்ணக் கூடத்திற்குக் கூறிய வடிகால் ஒழுக்கம் மாவட்ட மருத்துவமனைக்கும் பொருந்தும்.

அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

கொள்முதல் ஆவணங்களில் பாய்வளவு மட்டும் குறிப்பிடப்பட்டால் போதாது. பாயும் பொருள், அழுத்தம், வெப்பநிலை, இடத்தின் உயரம் ஆகியவையும் குறிக்கப்பட வேண்டும். உலர்த்தியையும் பிரிப்பானையும் செலவு மிச்சமென நீக்கிவிடுவது, வாங்கிய கருவியையே வீணாக்குவதாகும். பாலக்காட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் இயங்கும் பாய்ம கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் கருவிகளை அளவு சரிபார்க்கும் வசதி உண்டு. மழைக்காலம் தொடங்குமுன் வடிகால்களைச் சோதிப்பதும், அது முடிந்தபின் கருவிகளைத் தூய்மை செய்து சரிபார்ப்பதும் ஆண்டு பராமரிப்புத் திட்டத்தில் இடம்பெறுதல் நன்று. காற்றிலுள்ள ஈரத்தைக் கணக்கால் திருத்தலாம். கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் பராமரிப்பால் மட்டுமே நீக்க முடியும்.