சூடு எங்கே சிக்கியது?

கத்திரி வெயில் நேரம். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே கடல், மேற்கே ஏரி. உள்ளே தம்பி கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

“அக்கா, பத்து நிமிஷம் சூப்பரா ஓடுது. அப்புறம் திக்கித் திக்கி வருது. ஃபேன் வேற ஓயாம கத்துது!”

“கேபினெட்டைத் தொட்டுப் பாத்தியாடா?”

“மேல கையே வைக்க முடியலக்கா. கார்டு போச்சா? புதுசு வாங்கணுமா?”

அதற்குள் ஏன் புதிது? அக்கா முதலில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறாள். சூடு எங்கே சிக்கியிருக்கிறது? சூட்டை யாராலும் அழிக்க முடியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பத்தான் முடியும். கம்ப்யூட்டருக்குள் அது போவதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் எங்கோ ஓர் அடைப்பு. வாருங்கள், நாமும் அக்காவோடு சேர்ந்து தேடுவோம்.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது?

திரையில் நீங்கள் பார்க்கும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் கிடைமட்டமாக 1920, செங்குத்தாக 1080. பெருக்கிப் பாருங்கள்: 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் நொடிக்கு 60 படங்கள் வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு நொடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு.

பலர் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிப்பில் ஏறத்தாழ 1,200 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. சிப்பின் பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. முழு வேகத்தில் கார்டு 170 வாட் மின்சாரம் எடுக்கும். எடுத்த மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அதில் பெரும்பங்கு அந்தச் சின்னச் சிப்பிலேயே பிறக்கிறது.

வீட்டு இஸ்திரிப்பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். நம் சிப்பிலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட்டைத் தாண்டும்!

இதற்காகவே கார்டுக்குள் வெப்பநிலையை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. சூடு வரம்பை நெருங்கினால், கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தம்பிக்கு விளையாட்டு திக்கியது அதனால்தான். கார்டு கெட்டுவிடவில்லை, கருகிப்போகாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது.

குழாய்க்குள் ஒரு குட்டி மழை

சிப்பில் பிறந்த சூடு முதலில் தெர்மல் பேஸ்ட்டுக்குள் போகும். சிப்பும் அதன் மேல் உட்காரும் உலோகத் தகடும் பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பள்ளங்களில் காற்று தங்கிவிடும். செம்பு கடத்தும் வெப்பத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்தாது. அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு இடுக்கை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் வேலை.

அடுத்து வருவது வெப்பக் குழாய். கார்டின் ஓரத்தில் வளைந்து தெரியும் பளபளப்பான குழாயைப் பார்த்திருப்பீர்கள். அது முழுக்கக் கெட்டியான கம்பி இல்லை. உள்ளே வெற்றிடம், அதில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். கடலோரத்தில் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குழாய்க்குள் அழுத்தம் மிக மிகக் குறைவு. அதனால் சிப்பின் சூடு பட்டதும் தண்ணீர் ஆவியாகிறது. ஆவி குழாயின் மறுமுனைக்குப் பறக்கிறது. அங்கே குளிர்ந்து, சுமந்து வந்த சூட்டை மெல்லிய அலுமினியத் தகடுகளில் இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் தண்ணீராகிறது. தகடுகளின் சூட்டை ஃபேன் காற்றில் தள்ளிவிடும். குழாயின் உட்சுவரில் செம்புத் துகள்களால் ஆன நுண்துளைப் பூச்சு இருக்கும். அதன் வழியே தண்ணீர் ஊறி ஊறிச் சிப்பின் பக்கம் திரும்பிவிடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. நாள் முழுக்க நடக்கும் குட்டி மழை இது!

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,000 ஜூலுக்கு மேல் வேண்டும். அதனால்தான் சில துளித் தண்ணீர் அத்தனை சூட்டைத் தூக்கிச் சுமக்கிறது.

இந்தக் குழாய்க்கும் பழவேற்காட்டுக்கும் ஓர் உறவு உண்டு. ஏரியையும் கடலையும் பிரித்துக்கொண்டு நீண்டு கிடக்கிறதே ஸ்ரீஹரிகோட்டா, அங்கிருந்துதான் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். அப்படி மேலே போகும் செயற்கைக்கோள்களில், ஒரு பக்கம் வெயிலில் காயும், மறுபக்கம் நிழலில் உறையும். சூடான பக்கத்திலிருந்து சூட்டை எடுத்துப்போக அங்கேயும் வெப்பக் குழாய்கள்தான் உதவுகின்றன. தண்ணீர் உறைந்துவிடும் என்பதால், பெரும்பாலும் அலுமினியக் குழாயில் அம்மோனியா அடைப்பார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் வெப்பக் குழாயை உருவாக்கினார். 1967-இல் அது விண்வெளியில் சோதிக்கப்பட்டது. விண்வெளிக்குப் போன நுட்பம்தான் இன்று தம்பியின் மேசைக்கு வந்திருக்கிறது.

தண்ணீர் குறைந்த கார்டு

அந்தச் சில துளிகளும் குறைந்தால் என்ன ஆகும்? நிஜமாகவே நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் ஏஎம்டி நிறுவனம் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் என்ற கார்டை வெளியிட்டது. வாங்கியவர்களில் சிலருக்குச் சிப்பின் மிகச் சூடான புள்ளி 110 டிகிரியைத் தொட்டது, வேகம் இறங்கியது. ஜெர்மனியின் ரோமன் ஹார்ட்டுங் என்ற வல்லுநர் சில கார்டுகளைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் சோதித்தார். வைக்கும் நிலையைப் பொறுத்துச் சூடு மாறியது!

ஃபேன் காரணமாக இருந்தால் கார்டைத் திருப்பிவைத்ததும் இவ்வளவு மாறுமா? அப்படியானால் உள்ளே ஓடும் திரவத்தின் மேல்தானே சந்தேகம் விழும்? அப்படித்தான் ஆனது. ஒரு தொகுதிக் கார்டுகளின் வெப்ப அறைகளில் தண்ணீர் போதுமான அளவு இல்லை என்று 2023 ஜனவரியில் நிறுவனமே சொன்னது. வெப்ப அறை என்பது தட்டையான வெப்பக் குழாய்தான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அக்காவின் சோதனைகள்

அக்காவும் அதேபோல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறாள்.

முதல் சோதனை, கழித்தல் கணக்கு. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு-வைத் தொட்டால் கார்டின் வெப்பநிலை தெரியும். கால் மணி நேரம் விளையாடிய பிறகு அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அறையின் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். மார்கழியில் அறை 28, கார்டு 74 என்றால் வித்தியாசம் 46. மே மாதத்தில் அறை 36, கார்டு 82 என்றாலும் வித்தியாசம் அதே 46 தான். அப்படியானால் கார்டின் மேல் குற்றமில்லை, அறைதான் சூடு. தகரக் கூரையின் கீழே இருக்கும் மேசையை நகர்த்தினாலே போதும். வித்தியாசமே 46-லிருந்து 55, 60 என்று ஏறியிருந்தால்தான் வழியில் அடைப்பு.

“நமக்கு எவ்வளவுக்கா?”

“அறுபதுடா. அடைப்புதான்.”

இரண்டாவது சோதனை, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி விளையாடுவது. சூடு சட்டென்று எட்டு, பத்து டிகிரி இறங்கினால், கேபினெட்டுக்குள் காற்றுப் போக்குவரத்து சரியில்லை. பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கலாம். முன்பக்க வலையில் தூசி அப்பியிருக்கலாம். இறங்கவே இல்லை என்றால் அடைப்பு கார்டிலேயே இருக்கிறது.

மூன்றாவது சோதனை, கண்ணால் பார்ப்பது. பல கார்டுகளில் வேலை இல்லாதபோது ஃபேன் நின்றேதான் இருக்கும், பயப்பட வேண்டாம். விளையாடும்போது எல்லா ஃபேனும் சுற்ற வேண்டும். ஒன்று நின்றாலும், முக்கி முக்கிச் சுற்றினாலும் அதைத்தான் மாற்ற வேண்டும். சுற்றும் ஃபேனில் விரல் வைக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்!

அக்கா வீட்டில் கதவைக் கழற்றியும் சூடு இறங்கவில்லை. ஃபேன்கள் ஒழுங்காகச் சுற்றுகின்றன. ஆக, அடைப்பு கார்டுக்குள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியதும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். ஃபேனுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருக்கிறது. ஊதினால் போகவில்லை. தகட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொடி வேறு பூத்திருக்கிறது.

கடல் வீட்டுக்குள் வந்த வழி

வெறும் தூசி என்றால் ஊதியதும் பறந்திருக்கும். இதில் கடலும் கலந்திருக்கிறது. அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடித்து நுண்துளிகளைக் காற்றில் தெறிக்கவிடுகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. துளியில் இருக்கும் தண்ணீர் காற்றிலேயே காய்ந்து, உப்புத் துகள் மட்டும் மிதந்து வருகிறது. கடற்காற்று அதை ஜன்னல் வழியே கொண்டுவந்து கொடுக்கிறது. ஃபேன் அதை உறிஞ்சித் தகடுகளுக்கு நடுவே சேர்க்கிறது.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் இன்னும் சீக்கிரமே ஈரமாகிவிடும். ஈரமான உப்பில் தூசி ஒட்டிப் பசையாகிறது; காய்ந்ததும் கெட்டிப்படுகிறது. காற்று நுழைய இடமில்லை. அதோடு விடாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால், அதுவே ஒரு குட்டி பேட்டரி! அலுமினியம் மெல்ல அரிக்கப்படும். அக்கா பார்த்த வெள்ளைப் பொடி அந்த அரிப்புதான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? விளையாடும்போது அரிப்பு குறைவு. சூடான உலோகத்தைச் சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் குறைந்துவிடுவதால் உப்பு காய்ந்தே கிடக்கும். அணைத்துவைத்த இரவுகளில்தான் உலோகம் குளிர்ந்து, உப்பு நீரை இழுக்கும். பரீட்சைக்காக மாதக்கணக்கில் மூடிவைத்த கம்ப்யூட்டர் கடலோரத்தில் இதனாலும் கெடலாம்.

வழியைத் திறப்போம்

உப்புப் பசையைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கக் கூடாது. பக்கத்து ஊரான பொன்னேரிக்கு எடுத்துப்போய், கம்ப்யூட்டர் கடையில் கொடுப்பது நல்லது. மெல்லிய பிரஷ்ஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, ப்ளோயர் அடிப்பார்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். அப்படியே பழைய பேஸ்ட்டையும் பார்க்கச் சொல்லலாம். சில ஆண்டுகளில் அது காய்ந்து வெடித்துவிடும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை: கேபினெட்டைக் கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அணைத்து, ஆறிய பிறகு உறை போடுங்கள். உறையோடு ஓட்டினால் மூச்சடைத்துவிடும். வாரத்தில் சில நாளாவது சற்று நேரம் ஓடவிடுங்கள்.

காசில்லாத வைத்தியம் ஒன்றும் உண்டு. உங்கள் திரை நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும் என்றால், கார்டு 140 படங்கள் வரைந்து என்ன பயன்? விளையாட்டின் செட்டிங்ஸில் 60 என்று வரம்பு போட்டுவிடுங்கள். வேலை குறையும், மின்சாரம் குறையும், சூடும் குறையும்.

செய்து பாருங்கள்

இரண்டு சின்னத் தட்டுகளில் தலா ஒரு தேக்கரண்டி கல்லுப்பு வையுங்கள். ஒன்றைக் காற்றுப்படும் ஜன்னலோரத்திலும், மற்றொன்றைக் காற்றுப்புகாத டப்பாவுக்குள்ளும் வையுங்கள். மழைக்கால இரவு ஒன்று கழிந்ததும் தொட்டுப் பாருங்கள். எடைபார்க்கும் சிறிய தராசு இருந்தால் இன்னும் நல்லது. எது கனத்தது? எவ்வளவு?

கடைசியாக ஒரு கேள்வி. நம் கம்ப்யூட்டரில் வெப்பக் குழாய் கொண்டுவரும் சூட்டை ஃபேன் காற்றில் தள்ளிவிடுகிறது. விண்வெளியில் காற்றே கிடையாது. ஃபேன் சுற்றினாலும் பயனில்லை. அப்படியானால் செயற்கைக்கோள் தன் சூட்டை எப்படி வெளியே அனுப்பும்? ஒரு துப்பு தருகிறேன்: காற்றில்லாத அந்த வெளியைத் தாண்டித்தான் சூரியனின் சூடும் நம் கூரைக்கு வந்து சேர்கிறது.